கொஸ்லந்தைக்கு ஒரு மழைக்காலப் பயணம்

இலங்கை மலையகத்தின் பெரகலைச் சந்தியிலிருந்து கொஸ்லந்தைக்கு 4,000 ரூபாய் கேட்ட முச்சக்கரவண்டிக்காரரை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. பேரம் பேசியதும், "மழையில் பஸ் வராது" என்றார். பத்து நிமிடத்தில் வெல்லவாய பஸ் வந்து நின்றது. இரண்டு இரவுத் தங்கல் செலவை வைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்பவனிடம் இப்படிப் பொய் சொல்வது கொள்ளை. பஸ்ஸிலும் சுகமில்லை. ஜன்னல் மூடாது, வளைவுக்கு வளைவு மழை மடியில் விழுந்தது. ஆனால் டிக்கெட் விலைக்கு அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

தியலும நீர்வீழ்ச்சிக்குத்தான் எல்லோரும் இந்த வழியாகப் போகிறார்கள். நான் போனது 2014இல் மண்சரிவு மூடிய மீரியபெத்தைத் தோட்டத்தைப் பார்க்க. எரிமலைக் குழம்பு எந்தப் பக்கம் ஓடும் என்று முன்கூட்டியே கணிக்கும் வேலையைப் பற்றி வெகுநாளாகத் தேடிப் படித்து வருகிறேன்; மண்சரிவையும் அப்படி முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்ற கேள்வியோடுதான் இங்கே வந்தேன். 2018இல் ஹவாயின் கிலாவெயா எரிமலை கக்கிய குழம்பு 700க்கும் அதிகமான வீடுகளை அழித்தது. அதில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. குழம்பு பெரும்பாலும் மெதுவாகவே நகரும், அது தரும் அவகாசத்தை அங்குள்ள விஞ்ஞானிகள் வீணாக்கவில்லை. தரையின் ஏற்ற இறக்கத்தைக் கணினியில் ஏற்றி, மிகச் சரிவான வழி எது என்று தேடினார்கள். உயரங்களைச் சிறிது சிறிதாக மாற்றி அதே கணக்கைத் திரும்பத் திரும்ப ஓட்டினால், எந்தப் பள்ளத்தில் குழம்பு இறங்க வாய்ப்பு அதிகம் என்று தெரியும். நொடிக்கு எவ்வளவு குழம்பு வெளியே வருகிறது என்பதைச் செய்மதி காட்டும் வெப்பத்திலிருந்து மதிப்பிடலாம். ட்ரோன்கள் குழம்பின் முனையைப் பின்தொடரும்.

கணிப்புக்கும் எல்லை உண்டு. ஐஸ்லாந்தின் கிரின்டாவிக் ஊரில் 2023 நவம்பர் 10 இரவே மக்களை வெளியேற்றினார்கள். ஊரைக் காக்க மண் அணைகள் எழுப்பினார்கள். 2024 ஜனவரி 14 அன்று அணைக்கு உட்பக்கமே ஒரு பிளவு திறந்து வீடுகள் எரிந்தன. சரிவு தெரியும், வாய் எங்கே திறக்கும் என்பது தெரியாது. மலையகத்தில் எரிமலை கிடையாது. ஆனால் இந்தச் சிக்கல் அப்படியே இருக்கிறது, அவகாசம் மட்டும் இல்லை.

2014 அக்டோபர் 29 காலையில் மீரியபெத்தையில் மலை இறங்கி, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயன்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடம் சேறாகக் கிடந்தது. அந்த இடம் ஆபத்தானது, மக்களை வேறிடம் மாற்றுங்கள் என்று மண்சரிவு ஆபத்தை ஆராயும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருந்தது. அறிவு இருந்தது, மாற்றுக் காணிதான் இல்லை. இதை எழுதும்போது கை நடுங்குகிறது.

பக்கத்துத் தோட்டத்தில் ஓர் அக்காவின் வீட்டு முற்றத்தில் மழைமானி பார்த்தேன். கம்பத்தில் கட்டிய ஒளி ஊடுருவும் குழாய், அளவுக் கோடுகளோடு. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் என்றால் விழிப்பு, 100 என்றால் புறப்படத் தயார் (அம்பர் நிறம்), 150 என்றால் உடனே வெளியேற வேண்டும் (சிவப்பு). "ராத்திரியிலும் டார்ச் அடித்துப் பார்ப்பேன் தம்பி. மற்ற லயத்துக்கும் நான்தான் போய்ச் சொல்ல வேண்டும்" என்றார். கைபேசிக்கு வரும் எச்சரிக்கை பல நேரம் சிங்களத்தில் இருப்பதால், படித்துச் சொல்ல மகளை எழுப்புவாராம். உயிர் காக்கும் செய்தி தமிழில் வராமல் போவதற்கு எந்தச் சாக்கும் ஏற்கத்தக்கதல்ல.

அவர் போட்டுக் கொடுத்த ரொட்டியைப் பற்றி இரண்டு வரியில் முடிக்க மனமில்லை. அடுப்பிலிருந்து எடுத்த தடித்த கோதுமை ரொட்டி, தேங்காய்ப்பூ நிறையச் சேர்த்துப் பிசைந்தது. ஓரம் கருகி, நடுவில் மெத்தென்று இருந்தது. அம்மியில் அரைத்த சம்பலின் காரத்தில் காது அடைத்தது. கூடவே சாயத்தண்ணி, கடிக்கக் கருப்பட்டி. நுவரெலியாவில் 1,800 ரூபாய் கொடுத்துச் சாப்பிட்ட ஆறிப்போன ஃப்ரைட் ரைஸ் இதன் பக்கத்தில் நிற்காது. காசு கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார்.

"சிவப்பு என்றால் எங்கே போவீர்கள் அக்கா?" என்று கேட்டேன். "பள்ளிக்கூடத்துக்கு. மழை விட்டதும் திரும்ப இதே லயத்துக்கு" என்றார். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் இலங்கையில் 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. மலையகத்தின் மண்சரிவுகளில் பலர் புதைந்தார்கள். அதற்குப் பிறகும் மக்கள் திரும்புவது அதே சரிவுக்குத்தான் என்றால், எத்தனை மழைமானி வைத்தாலும் பாதி வேலைதான் நடந்திருக்கிறது. மீதிப் பாதி காணி உறுதி, அதாவது நிலத்தின் உரிமைப் பத்திரம். அதைத் தோட்ட மக்களின் கையில் கொடுக்க வேண்டும்.

போகிறவர்களுக்கு: பெரகலையில் பஸ்ஸுக்கே காத்திருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை போவதானால், பதுளை மாவட்டத்துக்கான மண்சரிவு எச்சரிக்கையைப் புறப்படும் காலையில் பாருங்கள். அம்பர் நிறம் என்றால் அறை முன்பணம் போனாலும் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். மீரியபெத்தைக்குப் போனால் அங்கே செல்ஃபி எடுக்காதீர்கள்.