தெரியாமல் சிடி எடுத்தாயிற்று: டோஸ் கணக்கு போட்டு முடிக்கும் வரை

வயிற்று வலிக்கு சிடி ஸ்கேன் எடுத்துப் பத்து நாள் கழித்து, கர்ப்பப் பரிசோதனைக் கார்டில் இரண்டு கோடு. "கதிர் பட்ட கரு, கலைத்துவிடுங்கள்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். ஃபிலிம் கவரும் கையுமாக வருகிறவரிடம், கருவுக்குப் போன டோஸை (கதிர் அளவை) கணக்கிடும் நாங்கள் முதலில் சொல்வது: கணக்கு முடியும் வரை கலைக்கும் மாத்திரை எதையும் போடாதீர்கள்.

ஃபிலிமைப் பார்த்து டோஸ் சொல்ல முடியாது. ஸ்கேன் முடிந்ததும் மெஷினே போடும் டோஸ் ரிப்போர்ட் பக்கம் வேண்டும். டிஸ்கில் அது இல்லாமல் போவதுண்டு. இடம் போதாமல் கன்சோலில் (ஸ்கேன் மெஷினின் கம்ப்யூட்டரில்) பழைய கேஸ்களை அழித்துவிடுவார்கள் என்பதால் அந்த வாரமே போய்க் கேளுங்கள். ரிசப்ஷனில் கேட்டால் முழிப்பார்கள், "உங்க ஆர்எஸ்ஓ யாரு?" என்று கேளுங்கள். ஏஇஆர்பி (அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) உரிமத்தோடு சிடி நடத்தும் சென்டரில் கதிர்ப் பாதுகாப்புக்கென்று அப்படி ஒருவர் இருந்தாக வேண்டும், சென்னையானாலும் செங்கல்பட்டானாலும். அந்தப் பக்கம் கிடைக்காவிட்டால் டைகாம் படங்கள் (ஸ்கேனின் மூல டிஜிட்டல் கோப்புகள்) போதும். கேவி, எம்ஏ என்று கதிரை எவ்வளவு வைத்து எடுத்தார்கள் என்ற விவரமெல்லாம் படத்தோடு ஒட்டியிருக்கும்.

அதிகம் பேர் தவறுவது அந்த ரிப்போர்ட்டில் உள்ள டிஎல்பி (டோஸ், நீளம் இரண்டின் பெருக்கல்) எண்ணில். 500 என்ற எண்ணைப் பார்த்துக் கருவுக்கு 500 மில்லிகிரே (கதிர் அளவின் அலகு) போய்விட்டதென்று பதறுகிறார்கள், சில டாக்டர்கள் உட்பட. அது சிடிடிஐ, அதாவது ஸ்கேன் செய்த பகுதிக்கு மெஷின் காட்டும் சராசரி டோஸ், 10 மில்லிகிரேயை, ஸ்கேன் செய்த நீளம் 50 சென்டிமீட்டரால் பெருக்கி வந்த எண். கருப்பைக்குப் போனது ஏறக்குறைய அந்த 10தான். சிடிடிஐயை 32 செ.மீ. பிளாஸ்டிக் உருளையில் அளந்து சொல்வதால், மெலிந்த உடம்பில் இன்னும் கொஞ்சம் ஏறும். அதைத் திருத்திக் கணக்கிடுவோம்.

அடுத்து, இடுப்பு வரை எத்தனை சுற்று எடுத்தார்கள்? பிளெயின் (மருந்தில்லாமல்), கான்ட்ராஸ்ட் (மருந்து ஏற்றி), டிலேய்ட் (சற்றுத் தாமதித்து) என்று மூன்று சுற்றென்றால் மூன்றையும் கூட்ட வேண்டும். அப்போதும் பெரும்பாலும் 30, 40 மில்லிகிரேதான். தலை சிடியில் கருவுக்குப் போவது ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். நெஞ்சு சிடியில் ஒரு மில்லிகிரேகூட வராது.

பிறகு கடைசி மாதவிலக்குத் தேதி. கரு தரித்த முதல் இரண்டு வாரத்தில் அதிக டோஸ் பட்டால் கரு தங்காமல் போகலாம்; தங்கினால் இயல்பாக வளரும். மூளைக்கு ஆபத்தான காலம் கரு தரித்து 8 முதல் 15 வாரம், அதுவும் 100 மில்லிகிரேக்கு மேல் போனால்தான். 100க்குக் கீழே கதிரைக் காரணம் காட்டிக் கலைக்க நியாயமில்லை என்று ஐசிஆர்பி (சர்வதேசக் கதிர்ப் பாதுகாப்பு ஆணையம்) 2000ஆம் ஆண்டே எழுதிவைத்துவிட்டது. பிற்காலப் புற்றுநோய் வாய்ப்பு மிகச் சிறிதளவு கூடும். அதையும் மறைக்காமல் சொல்வோம்.

தைராய்டுக்கு அயோடின் 131 என்ற கதிரியக்க மருந்து குடித்தவர் கதை வேறு. 10, 12 வாரத்துக்குப் பின் கருவின் தைராய்டும் அதை இழுத்துக்கொள்ளும். அங்கே கர்ப்பப் பரிசோதனை செய்யாமல் மருந்தைத் தொடவே கூடாது; குடித்த பின் ஆறு மாதம் கரு தரிக்கவும் கூடாது.

டெக்னீஷியன்களுக்கு ஒன்று: "நாள் தள்ளிப் போயிருக்கா?" என்பதை மாமியார், அப்பா முன்னால் கேட்காதீர்கள். "இல்லை" என்றுதான் பதில் வரும். கதவைச் சாத்திவிட்டு, கடைசித் தேதியைக் கேட்டு ரிக்வெஸ்ட் ஃபார்மிலேயே எழுதுங்கள்.