புடாபெஸ்டில் இடம் மாறும் சிலைகள்

புடாபெஸ்ட் போகிறவர்கள் நாடாளுமன்றத்தையும் டானூப் நதியையும் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். கொஞ்சம் எதிர்ப்பக்கம் திரும்பினால் விவசாய அமைச்சகத்தின் பழைய கட்டடம் இருக்கிறது. அதன் தூண் வரிசைக்குள் போய்ச் சுவரைப் பாருங்கள். கோலிக்குண்டு அளவில் உலோக உருண்டைகள் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பதிந்திருக்கும். 1956 அக்டோபர் 25 அன்று இந்தச் சதுக்கத்தில் ஆயுதம் இல்லாமல் கூடியிருந்த மக்கள் மீது பாய்ந்த தோட்டாக்களின் நினைவாக வைத்தவை. விரலால் தொட்டுப் பார்த்தேன். என் தலை உயரத்தில் சில, அதற்கும் கீழே சில.

அதற்கு இரண்டு நாள் முன்புதான், அக்டோபர் 23 அன்று, மாணவர் ஊர்வலத்தில் சோவியத் ஆதரவு கம்யூனிஸ்ட் ஆட்சிக்கு எதிரான எழுச்சி தொடங்கியது. அன்றிரவே எட்டு மீட்டர் உயர ஸ்டாலின் சிலையைச் சாய்த்தார்கள். பீடத்தில் பூட்ஸ் மட்டும் மிஞ்சியது. கொடியின் நடுவிலிருந்த கம்யூனிஸ்ட் சின்னத்தைக் கத்தரித்து எடுக்க, அந்த ஓட்டைக் கொடியே புரட்சியின் கொடியானது. மக்கள் கேட்டபடி இம்ரே நோஜ் பிரதமரானார். இவர் ஒன்றும் முதலாளித்துவவாதி இல்லை. முதல் உலகப் போரில் ரஷ்யர்களிடம் கைதியாகி, அங்கேயே கம்யூனிஸ்ட் கட்சிக்கு வந்தவர். 1945-இல் விவசாய அமைச்சராக இருந்து, பெரும் பண்ணையார்களின் நிலத்தை உழுபவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தவர். அந்த மனிதர்தான் நவம்பர் 1 அன்று, சோவியத் தலைமையிலான ராணுவக் கூட்டணியான வார்சா ஒப்பந்தத்திலிருந்து ஹங்கேரி விலகுகிறது என்று அறிவித்தார். நவம்பர் 4 விடியற்காலையில் சோவியத் டாங்கிகள் நகருக்குள் நுழைந்தன. சுமார் 2,500 ஹங்கேரியர்கள் செத்தார்கள். இரண்டு லட்சம் பேர் நாட்டைவிட்டு ஓடினார்கள்.

நோஜ் யூகோஸ்லாவியத் தூதரகத்தில் தஞ்சம் புகுந்தார். ஒன்றும் செய்ய மாட்டோம் என்று எழுத்திலேயே உறுதி கொடுத்து வெளியே வரவழைத்தார்கள். அவர் ஏறிய பஸ்ஸையே மடக்கிப் பிடித்துக்கொண்டு போனது சோவியத் ராணுவம். 1958 ஜூன் 16 அன்று தூக்கில் போட்டார்கள்.

நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில் தியாகிகள் சதுக்கம் என்று ஒரு சின்ன இடம். 1996 முதல் அங்கே ஒரு குட்டிப் பாலத்தின் மேல் தொப்பியும் ஓவர்கோட்டுமாக நோஜ் நின்று நாடாளுமன்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பழைய பயண நூல்களில் அந்தப் படம்தான் இருக்கும். இப்போது போனால் அவர் அங்கே இல்லை. 2018 டிசம்பர் கடைசியில், ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்துப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். சதுக்கத்தை 1944-க்கு முன்பிருந்தபடி மாற்றுகிறோம் என்பது அரசு சொன்ன காரணம். இப்போது அங்கே நிற்பது 1934-இல் எழுப்பி 1945-இல் இடிக்கப்பட்ட நினைவுச் சின்னத்தின் நகல். 1919-இல் கம்யூனிஸ்ட் தலைவர் பேலா குன் தலைமையில் 133 நாள் நடந்த ஹங்கேரிய சோவியத் குடியரசில் கொல்லப்பட்டவர்களுக்கானது. அதில் ஒருவன் அரக்கனை அடித்துக்கொண்டிருக்கிறான். அரக்கன் யார் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

அந்த பேலா குன்னுக்கும் சிலை உண்டு, ஆனால் ஊருக்கு வெளியே, மெமெண்டோ பார்க்கில். கம்யூனிஸ்ட் ஆட்சி போனதும் அப்புறப்படுத்திய சிலைகளை உடைக்காமல் இங்கே கொண்டுவந்து நிறுத்தி, 1993-இல் திறந்தார்கள். வாசலில் லெனின் ஒரு பக்கம், மார்க்சும் ஏங்கல்சும் மறுபக்கம். எதிரே ஸ்டாலினின் பூட்ஸ், அதுவும் நகல்தான். குன் கையை உயர்த்திக் கூட்டத்தை முன்னே ஏவுகிறார், பக்கத்தில் ஒரு தெருவிளக்குக் கம்பம். அவருடைய முடிவும் விசித்திரம்: 1938-இல் ஸ்டாலினின் களையெடுப்பில் சோவியத் மண்ணிலேயே சுடப்பட்டார்.

அந்த்ராஷி சாலை 60-ஆம் எண் கட்டடத்துக்கும் போனேன். 1944-இல் ஹங்கேரிய பாசிஸ்டுகளின் தலைமையகம், போருக்குப் பின் கம்யூனிஸ்ட் ரகசியப் போலீசின் தலைமையகம். 2002 முதல் அருங்காட்சியகம். எண்ணெய்க் குளத்தில் நிற்கும் டாங்கியும் சுவர் முழுக்கப் பலியானவர்களின் முகங்களும் நிச்சயம் உலுக்கும். ஆனால் பாசிஸ்டுகளுக்குச் சில அறைகள்தான், மிச்சமெல்லாம் கம்யூனிஸ்டுகளுக்கு. யூதர்களை டானூப் கரையில் நிறுத்திச் சுட்டுத் தள்ளிய ஊரில் இந்தக் கணக்கு எனக்குச் சரியாகப் படவில்லை.

சரி, நோஜ் எங்கே போனார்? 2-ஆம் நம்பர் டிராமில் நதியோரமாகச் சில நிமிடம் போனால் கடைசி நிறுத்தம் யாசாய் மாரி சதுக்கம். பாலமும் ஆளுமாக அப்படியே அங்கே வைத்திருக்கிறார்கள். நாடாளுமன்றம் மட்டும் இப்போது அவர் எதிரில் இல்லை. 1989 ஜூன் 16 அன்று அவருக்கு முறைப்படி மறுஅடக்கம் நடந்தபோது, சோவியத் படைகள் வெளியேற வேண்டும் என்று மேடையில் முழங்கிய 26 வயது இளைஞரின் பெயர் விக்டர் ஒர்பான், பின்னாளில் பிரதமரானவர். சிலையை நகர்த்தியதும் அவருடைய அரசாங்கம்தான். கம்யூனிச எதிர்ப்புக்கு உதவியவரை நினைவில் வைத்துக்கொள்வது எளிது. அவரே கம்யூனிஸ்ட் என்பதுதான் அவர்களுக்குச் சங்கடம் என்று நினைக்கிறேன்.

நோஜின் கல்லறைக்குப் போக நினைத்தால் அரை நாள் ஒதுக்குங்கள். நகரின் கிழக்கு ஓரத்தில் மிகப் பெரிய மயானம். 301-ஆம் பகுதி வாசலிலிருந்து வெகு தூரம். தார்த்தாளில் சுற்றி, முகம் கீழே இருக்கும்படி, பெயர்ப் பலகைகூட இல்லாமல் 1989 வரை அவரைப் புதைத்து வைத்திருந்த இடம் அதுதான். வழியில் கடை இருக்கும் என்று நம்பாமல் தண்ணீர் எடுத்துப் போங்கள்.