தன் மீதான புகாரைத் தானே மொழிபெயர்க்கும் பையன்

ஆசிரியர்களைப் பற்றிய படங்கள் பெரும்பாலும் எனக்கு ஒட்டுவதில்லை. புதிதாக வரும் ஒருவர் அடங்காத வகுப்பை ஒரே ஆண்டில் திருத்திவிடுவார். லொரான் கான்தே இயக்கிய 'ஆந்த்ர் லெ முர்' அந்த வகை இல்லை. 2008-இல் கான் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கப் பனையை வாங்கிய பிரெஞ்சுப் படம். பாரிஸில் ஒரு பள்ளி. மாலி, சீனா, கரீபியத் தீவுகள் என்று பல ஊர்களிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள். ஆசிரியராக நடிக்கும் பிரான்சுவா பெகோதோ நிஜமாகவே ஆசிரியராக இருந்தவர். அவருடைய நாவல்தான் படமானது. மாணவர்களும் தொழில்முறை நடிகர்கள் அல்லர். அதனால்தான் அந்த வகுப்பின் சத்தம் எனக்குப் பழகிய சத்தமாக இருக்கிறது. இலக்கணம் நடத்தப் போனால், 'இப்படியெல்லாம் யார் பேசுகிறார்கள்?' என்று ஒரு குரல் எழும். அப்புறம் பாடம் எங்கோ போய்விடும்.

தொடக்கத்தில் ஆசிரியர் காப்பி குடிக்கும் சில நொடிகள் தவிர, கேமரா பள்ளியைத் தாண்டுவதில்லை. பிள்ளைகளின் வீடு நமக்குக் காட்டப்படுவதே இல்லை. ஆசிரியர்களான எங்கள் வேலையும் அப்படித்தான். வகுப்புக்குள் வருகிற பிள்ளையை மட்டுமே பார்க்கிறோம். மிச்சம் காதில் விழுகிற துணுக்குகள்.

சுலைமான் என்ற பையன் எழுத மறுப்பவன். தன்னைப் பற்றி எழுதச் சொன்னால் புகைப்படங்களை எடுத்து வருகிறான். ஆசிரியர் அவற்றைச் சுவரில் ஒட்டும்போது அவன் முகத்தில் வருகிற வெட்கமும் பெருமையும் படத்தின் மிக அருமையான தருணம் என்பேன். பிறகு ஒரு வாக்குவாதம். ஆசிரியரே தடித்த சொல்லை விட்டுவிடுகிறார். பையன் கோபத்தில் வெளியேறும்போது அவனுடைய பை பட்டு ஒரு மாணவிக்கு ரத்தம் வருகிறது. ஒழுங்கு விசாரணை. பள்ளியை விட்டு நீக்கினால் அப்பா அவனைக் குடும்பத்தின் சொந்த நாடான மாலிக்கே அனுப்பிவிடுவார் என்று ஆசிரியருக்கு முன்பே தெரியும். தெரிந்தும் நடைமுறை நகர்கிறது. அம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியாது. மகன் நல்லவன், வீட்டில் உதவுகிறவன் என்று அவர் சொல்வதை அந்த மகனே மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது. கேட்டுக்கொள்கிறார்கள், நீக்குகிறார்கள்.

இதே போன்ற கூட்டங்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். தன் மீதான புகாரைத் தானே பெற்றோருக்குச் சொல்லும் பிள்ளை எதை விழுங்குகிறது, எதை மாற்றுகிறது என்று மேசைக்கு இந்தப் பக்கம் இருக்கும் யாருக்கும் தெரியாது. முடிவு மட்டும் பதிவேட்டில் ஏறிவிடும். வெளியிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர் வரும்வரை கூட்டத்தைத் தள்ளிவையுங்கள் என்று நான் கேட்பது இதனால்தான். நேரம் இல்லை என்பார்கள். ஒரு பிள்ளையை வெளியே அனுப்ப நேரம் இருக்கிறது என்றால், இதற்கும் இருக்க வேண்டும்.