ஊட்டி ரயில்ல ஆல்டிமீட்டர் சோதனை: 95 மீட்டர் எங்க போச்சு?

ஊட்டி ஸ்டேஷன் உயரம் 2,203 மீட்டர். பிளாட்பாரத்துல நின்னு பாத்தா என் ஜிபிஎஸ் ரிசீவர்ல இருக்குற, காத்தழுத்தத்த வச்சு உயரம் சொல்ற ஆல்டிமீட்டர் 2,108னு சொல்லுது, பாக்கெட்ல இருக்குற ஆண்ட்ராய்டு போன் 2,111னு சொல்லுது. ரெண்டும் அழகா ஒத்துப்போகுது, ஆனா ரெண்டுமே தப்பு, அதுலயும் ரெண்டுக்கும் காரணம் வேற வேற. இதப் பிரிச்சுப் பாக்கத்தான் ரொம்ப நாளா மண்டைய உடைச்சிட்டு இருந்தேன், இப்ப முடிச்சு அவுந்துடுச்சு, அந்த சந்தோஷத்துலதான் எழுதுறேன்.

ரிசீவர் பழசுதான், ரெண்டு ஏஏ பேட்டரி போடுற ரகம், பாரோமீட்டர் சென்சார் உண்டு. செட்டிங்ல ஆட்டோ கேலிப்ரேஷன (கருவி தானாவே உயரத்தத் திருத்திக்குறது) ஆஃப் பண்ணிட்டேன், பாரோமீட்டர் மோட வேரியபிள் எலிவேஷன்ல, அதாவது ஆள் ஏறி இறங்குறதா கருவி எடுத்துக்குற மோடுல வச்சேன். ஆஃப் பண்ணாதான் சென்சார் தனியா என்ன சொல்லுதுன்னு தெரியும், ஆன்ல இருந்தா ஜிபிஎஸ் உயரத்தப் பாத்துப் பாத்து அதுவே பூசி மெழுகிடும், அப்புறம் எந்தப் பக்கம் தப்புன்னு கண்டுபிடிக்கவே முடியாது.

சோதனைக்கு மலை ரயில எதுக்கு எடுத்தேன்னா, உயரம் தெரிஞ்ச இடம் இவ்வளவு வரிசையா வேற எங்கயும் கிடைக்காது. மேட்டுப்பாளையம் 326 மீட்டர், ஊட்டி 2,203, நடுவுல 46 கிலோமீட்டர், வர்ற ஸ்டேஷன் எல்லாத்துலயும் மஞ்சள் போர்டுல உயரம் எழுதியிருக்கும். கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்கும் பல் சக்கரத்துல ஏறுறதால வண்டி ரொம்ப மெதுவா போகும், ஒவ்வொரு நம்பரையும் நிதானமா எழுதிக்கலாம். வழியில இருக்குற 16 டனல்ல ஜிபிஎஸ் சிக்னல் போய்ப் போய் வரும், பாரோமீட்டருக்கு அதப் பத்திக் கவலையே இல்ல, அது பாட்டுக்கு ஏறிட்டே இருக்கும். பஸ்ல போனா இந்த வசதி எதுவும் கிடையாது, கொண்டை ஊசி வளைவு நம்பர் மட்டும்தான் மிஞ்சும்.

காலைல வண்டி கிளம்புறதுக்கு முன்னாடி மேட்டுப்பாளையம் பிளாட்பாரத்துலயே 326னு கையால கேலிப்ரேட் பண்ணிட்டேன். கல்லாறுல நம்பர் கிட்டத்தட்ட சரியா இருந்துச்சு. ஹில்குரோவ் தாண்டும்போது குறைய ஆரம்பிச்சுது. குன்னூர்ல போர்டுக்கும் கருவிக்கும் 70 மீட்டர் வித்தியாசம். ஊட்டில 95.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, வித்தியாசம் ஒரே அளவா இல்ல, ஏற ஏறக் கூடிட்டே போகுது. குன்னூருக்கு ஏறுன உயரத்துல அஞ்சு சதவீதம், ஊட்டிக்கு ஏறுன உயரத்துலயும் அதே அஞ்சு சதவீதம். சென்சார் கெட்டுப்போயிருந்தா இவ்வளவு ஒழுங்கா தப்பு வராது.

போன் கதை இதுக்கு நேர் எதிர். அது மேட்டுப்பாளையத்துலயே 326க்குப் பதிலா 235 காட்டுச்சு, ஊட்டி வரைக்கும் அதே 90 சொச்சம் கம்மியா காட்டிட்டே வந்துச்சு, கூடவும் இல்ல குறையவும் இல்ல. ஜிபிஎஸ் கணக்கு போடுறது கடல் மட்டத்துல இருந்து இல்ல, டபிள்யூஜிஎஸ் 84ங்கிற வழுவழுப்பான எலிப்சாய்டுல இருந்து, அதாவது பூமியோட வடிவம்னு கணக்குல வச்சிருக்குற லேசா தட்டையான உருண்டைல இருந்து. உண்மையான கடல் மட்டம் அந்த எலிப்சாய்டுக்கு மேலயும் கீழயும் ஏறி இறங்கி இருக்கும், நம்ம தென்னிந்தியாவுல அது எக்கச்சக்கமா கீழ இருக்கு. கடல் மட்டத்துல உலகத்துலயே பெரிய பள்ளம் இலங்கைக்குத் தெக்க இந்தியப் பெருங்கடல்ல இருக்கு, எலிப்சாய்டுக்கு 106 மீட்டர் கீழ. அந்தப் பள்ளத்தோட சரிவுலதான் மொத்தத் தமிழ்நாடும் உக்காந்திருக்கு. அதனாலதான் கன்னியாகுமரி கடற்கரைல நின்னு சில ஆப்ப திறந்தா மைனஸ் தொண்ணூறு சொச்சம்னு காட்டும், போன் ரிப்பேர்னு நெனச்சு ரீசெட் அடிச்சவங்கள எனக்கே தெரியும். இந்தப் பள்ளம் எப்படி வந்துச்சுன்னு பெங்களூரு ஐஐஎஸ்சி ஆராய்ச்சியாளர்கள் 2023ல ஒரு விளக்கம் வெளியிட்டாங்க, பூமிக்குள்ள ஆழத்துல சூடான, அடர்த்தி கம்மியான பாறை மேல வந்து நிக்குறதுதான் காரணம்னு. படிக்கப் படிக்க அவ்வளவு நல்லா இருந்துச்சு.

ஆண்ட்ராய்டு போன்கள் அந்த எலிப்சாய்டு உயரத்தத்தான் ஆப்புக்குக் குடுக்கும், சில ஆப் திருத்திக் காட்டும், சிலது அப்படியே காட்டும். தனி ஜிபிஎஸ் கருவில திருத்தத்துக்கான அட்டவணை உள்ளயே இருக்கு. என் ரிசீவர்ல ஜிபிஎஸ் எலிவேஷன்னு தனியா ஒரு டேட்டா ஃபீல்டு வச்சுக்கலாம், அத எடுத்து பாரோமீட்டர் உயரத்துக்குப் பக்கத்துலயே போட்டு வச்சேன், ஊட்டில அது 2,190க்கும் 2,210க்கும் நடுவுல ஆடிட்டு இருந்துச்சு. அப்ப கருவியோட ஜிபிஎஸ் பக்கம் சுத்தம், தப்பு முழுக்க பாரோமீட்டர் பக்கம்னு உறுதியாச்சு. உங்க கருவில இந்த ஃபீல்டு இருந்தா மொதல்ல அத ஆன் பண்ணி வைங்க, பாதி சந்தேகம் அங்கயே தீந்துரும்.

இப்ப அந்த அஞ்சு சதவீதத்துக்கு வருவோம். ஆல்டிமீட்டர் உயரத்த அளக்கவே இல்ல, காத்தழுத்தத்த அளந்து, அத ஸ்டாண்டர்ட் அட்மாஸ்பியர்ங்கிற ஒரு கணக்குல போட்டு உயரமா மாத்துது. அந்தக் கணக்குல கடல் மட்டத்துல 15 டிகிரி, ஒவ்வொரு கிலோமீட்டர் ஏறும்போதும் 6.5 டிகிரி குறையும். அதன்படி பாத்தா மேட்டுப்பாளையத்துல 13 டிகிரி இருக்கணும், ஊட்டில ஒரு டிகிரி கூட இருக்கக் கூடாது! நம்ம ஊர்ல காலைல மேட்டுப்பாளையத்துலயே 25, ஊட்டில பன்னெண்டு மணிக்கு 18. சராசரியா எடுத்தா கணக்க விட 15 டிகிரி சூடு. காத்து சூடானா பூரி மாதிரி உப்பும், அதாவது அதே அளவு அழுத்தம் குறையுறதுக்கு இன்னும் கூடுதல் உயரம் ஏறணும். கருவிக்கு அது தெரியாது, குளிர் காத்துன்னே நெனச்சுட்டு உயரத்தக் கம்மியா சொல்லுது. எவ்வளவு கம்மின்னு கெல்வின்ல போட்டுப் பாத்தேன், ஸ்டாண்டர்ட் கணக்குல வழியோட சராசரி 7 டிகிரி, அதாவது 280 கெல்வின், 15ஐ 280ஆல வகுத்தா 5.36 சதவீதம் வருது. கருவி காட்டுன ஏற்றம் 1,782 மீட்டர், அத 1.0536ஆல பெருக்குனா 1,877 சொச்சம். உண்மையான ஏற்றம் 1,877. இந்த நம்பர் கால்குலேட்டர்ல வந்தப்ப லவ்டேல் பக்கம் இறங்கிட்டு இருந்த ரிட்டர்ன் வண்டியில நான் சத்தமாவே கைதட்டிட்டேன், எதிர் சீட்டுல இருந்த அம்மா என்னன்னு கேட்டாங்க, சொன்னேன், பொறுமையா கேட்டுட்டு "அப்ப மார்கழில வித்தியாசம் கம்மியாகணுமே தம்பி"ன்னாங்க. சரியான கேள்வி! கம்மியாகத்தான் செய்யும்.

வெள்ளக்காரங்க எழுதுன கைடுகள்ல இதப் பத்தி ஒரு வரி வரும், பெருசா எடுத்துக்க மாட்டாங்க, ஏன்னா அவங்க ஊர் வெப்பநிலை ஸ்டாண்டர்டுக்குப் பக்கத்துலயே இருக்கு. நமக்கு இது வருஷம் பூராவும் இருக்குற தப்பு. ஆல்டிமீட்டர் வச்சு மேற்குத்தொடர்ச்சி மலை ஏறுற எல்லாருமே இத மனசுல வச்சுக்கணும்னு நெனைக்கிறேன், ஏன்னா கான்டூர் மேப்ப (உயரத்தக் கோடு போட்டுக் காட்டுற மேப்) வச்சு, "இந்த உயரத்துல இடது பக்கம் பாதை பிரியும்"னு போற ஆளுக்கு 95 மீட்டருங்கிறது ஒரு முழு ஓடை தள்ளிப் போறதுக்குச் சமம்.

ரிட்டர்ன்ல ஊட்டில 2,203னு திருத்திட்டு இறங்குனேன். மேட்டுப்பாளையம் வந்தப்ப 450 பக்கம் காட்டுச்சு, அதாவது இந்தத் தடவ 120 மீட்டருக்கு மேல அதிகம். சாயங்காலம் கீழ 32 டிகிரி இருந்துச்சு, அதனால சதவீதம் ஆறத் தாண்டிடுச்சு. ஆனா அத வச்சும் முழுசா கணக்கு வரல, ஒரு பத்து மீட்டர் போல மிச்சம் நின்னுச்சு.

அந்த மிச்சத்தப் பிடிக்க கருவிய வீட்டு ஜன்னல் திண்டுல வச்சு யுஎஸ்பி கரண்ட் குடுத்து அப்படியே விட்டுட்டேன். அசையாத கருவியோட உயரம் தெனம் ரெண்டு தடவ ஏறி இறங்குது! காலைல பத்து மணி வாக்குல கீழ, சாயங்காலம் நாலு மணி வாக்குல மேல, திரும்ப ராத்திரி பத்துக்குக் கீழ, விடியக்காலம் நாலுக்கு மேல. கடல்ல ஓதம் மாதிரியே காத்துலயும் உண்டு, சூரிய வெப்பத்தால வர்றது, பூமத்திய ரேகைப் பக்கம் ரொம்பத் தெளிவா தெரியும். காலை பத்துக்கும் சாயங்காலம் நாலுக்கும் நடுவுல காத்தழுத்தம் கிட்டத்தட்ட 3 ஹெக்டோபாஸ்கல் குறையும், ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு ஒம்போது மீட்டர்னு வச்சா 25 மீட்டருக்கு மேல. மழையும் இல்ல புயலும் இல்ல, சாதாரண வெயில் நாள்லயே இப்படி. ஒரே இடத்துல கிளம்பி ஒரே இடத்துக்குத் திரும்புற டே டிரெக்ல உயர கிராஃபோட ரெண்டு முனையும் சேராம நிக்குறதுக்குக் காரணம் இதுதான், நாம நடந்ததுல தப்பு இல்ல.

சென்சார் துளை பத்தி ஒண்ணு. கருவிக்குப் பின்னால ஊசி முனை அளவு ஓட்டை ஒண்ணு இருக்கும், காத்து உள்ள போற வழி அதான். வேர்வையும் செம்மண்ணும் சேந்து அடைச்சுட்டா உயரம் ஒரே இடத்துல உறைஞ்சு நின்னு திடீர்னு குதிக்கும். குண்டூசி விட்டுக் குத்தவே கூடாது, உள்ள இருக்குற சவ்வு கிழிஞ்சுரும், அப்புறம் வாட்டர்ப்ரூஃபும் போச்சு சென்சாரும் போச்சு. குழாய்த் தண்ணிய மெதுவா ஓட விட்டு, துணில ஒத்தி எடுத்து, நிழல்ல காய வச்சா போதும்.

பேட்டரி புலம்பலும் இருக்கு. ஆன்லைன்ல ஒரு கடைல 3,000 எம்ஏஹெச்னு எழுதுன ரீசார்ஜபிள் ஏஏ வாங்குனேன், சார்ஜர்ல டெஸ்ட் பண்ணா 900 கூட வரல. ஏஏ அளவு நிக்கல் பேட்டரிக்கு 2,500, 2,600தான் நெசமான உச்சம், அதுக்கு மேல அட்டைல எழுதியிருந்தா வாங்காதீங்க. 1,900, 2,000னு எழுதுன, சார்ஜ் தங்குற ரகமே இந்த வேலைக்கு ரொம்ப நல்லா உழைக்குது. செட்டிங்ல பேட்டரி டைப்ப மாத்தி வைக்கணும்னு உங்களுக்கே தெரியும், அல்கலைன்லயே விட்டுட்டா நிறைய சார்ஜ் இருக்கும்போதே லோ பேட்டரினு கத்தும். மினி யுஎஸ்பி கேபிள் இப்ப மொபைல் கடைகள்ல கிடைக்குறதே இல்ல, சென்னை போற நண்பர்கிட்ட சொல்லி ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கிட்டு வரச் சொன்னேன், ரெண்டா வாங்கி வச்சுக்கிட்டேன்.

இப்ப நான் வச்சிருக்குற முறை இதுதான். பெரிய ஏற்றம்னா ஆட்டோ கேலிப்ரேஷன் ஆன். அதே ரயில்ல ஆன் பண்ணிட்டுப் போனப்ப ஊட்டில பத்து மீட்டருக்குள்ள நின்னுச்சு, ஜிபிஎஸ் உயரம் ஒவ்வொரு நிமிஷமும் ஆடுனாலும் அரை நாள் சராசரில ஒழுங்கா இழுத்துப் புடிக்குது. ஜிபிஎஸ்க்கு உயரம் எப்பவுமே பலவீனம்தான், சாட்டிலைட் எல்லாம் தலைக்கு மேலயே இருக்கு, காலுக்குக் கீழ ஒண்ணும் இல்ல, அதனால பக்கவாட்டுத் தப்ப விட மேல கீழ தப்பு ஒன்றரை, ரெண்டு மடங்கு வரும், சோலைக் காட்டுக்குள்ள இன்னும் மோசம். முந்நூறு நானூறு மீட்டருக்குள்ள ஏறி இறங்குற நடைன்னா ஆஃப் பண்ணிட்டு, உயரம் தெரிஞ்ச இடம் வரும்போதெல்லாம் கையால திருத்துறேன். மொத்த ஏற்றம் எவ்வளவுன்னு தெரியணும்னா பாரோமீட்டர்தான் வேணும், ஜிபிஎஸ் உயரத்தோட ஆட்டம் எல்லாம் ஏற்றமா கூட்டிக்கிட்டு ஆளே ஏறாத மலைய ஏறுனதா கணக்கு காட்டும்.

அடுத்து ககன் சாட்டிலைட் (ஜிபிஎஸ் தப்பத் திருத்த இந்தியா விட்டிருக்குற ஏற்பாடு) சேத்துக்கிட்டா உயரம் எவ்வளவு திருந்துதுன்னு பாக்கணும். கருவியோட சாட்டிலைட் பேஜ்ல 40, 41ங்கிற நம்பர் வந்தா அது நம்ம ககன்தான், மெனுல வாஸ்/ஈக்னாஸ்னு அமெரிக்க, ஐரோப்பிய ஏற்பாட்டோட பேர்ல இருக்கும், அத ஆன் பண்ணணும். மொட்டை மாடில 41 நல்லா வருது, மலைச்சரிவுல சில இடத்துல மறைஞ்சு போகுது, அங்க என்ன ஆகுதுன்னு தெரிஞ்சுக்கணும். வனத்துறையோட டிரெக் தமிழ்நாடு பாதைகள் 2024ல வந்ததுக்கு அப்புறம் அனுமதி வாங்குறது எவ்வளவோ சுலபமாயிடுச்சு, நீலகிரில ஒண்ணும் கொடைக்கானல் பக்கம் ஒண்ணும் போடலாம்னு இருக்கேன். கருவி வாங்கப் போறவங்க ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க, சாட்டிலைட் வழியா மெசேஜ் அனுப்புற வசதி இருக்குற மாடல நம்ம நாட்டுல தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாம வச்சிருக்கக் கூடாது, ஏர்போர்ட்லயே புடிச்சுருவாங்க, சிக்னல வாங்க மட்டும் செய்யுற சாதா ரிசீவருக்கு அந்தத் தொல்ல இல்ல.

மார்கழிப் பயணம் இன்னும் பாக்கி இருக்கு. அந்தக் குளிர்ல சராசரி எட்டு ஒம்போது டிகிரிதான் கூடுதலா இருக்கும், அப்ப மூணு சதவீதம் வரணும், அதாவது ஊட்டில கருவி 2,150 பக்கம் காட்டணும். டிக்கெட் கிடைச்சதும் ஏறிப் பாத்துட்டு நம்பர எழுதுறேன்.