ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொண்டவர்கள்

ஆகஸ்ட் 7

இன்று பிரான்சஸ் கெல்சியின் நினைவு நாள். 2015-ல் இதே தேதியில், 101 வயதில் இறந்தார். 1962-ல் அதிபர் கென்னடியின் கையால் விருது வாங்கியதும் ஒரு ஆகஸ்ட் 7-ல்தான். உனக்கு ஹீரோ யார் என்று யாராவது கேட்டால் என் வாயில் முதலில் வரும் பெயர் இதுதான். கேட்டவர் உடனே "யார் அவர்?" என்பார், அதனால் இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதி வைக்கிறேன்.

1960 ஆகஸ்டில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தில் சேர்கிறார். அடுத்த மாதமே தாலிடோமைடு என்ற தூக்க மருந்துக்கான விண்ணப்பம் அவர் மேஜைக்கு வருகிறது. புதிதாக வந்தவராயிற்றே, சுலபமானதாக இருக்கட்டும் என்று கொடுத்த கோப்பு அது. ஐரோப்பாவில் ஏற்கெனவே அமோகமாக விற்றுக்கொண்டிருந்த மருந்து, குமட்டலுக்கு நல்லது என்று கர்ப்பிணிகளும் விழுங்கிக்கொண்டிருந்தார்கள். ஒப்புதல் கொடுத்துவிட்டு அடுத்த கோப்பை எடுத்திருக்கலாம். ஆபத்தில்லை என்பதற்குக் காட்டிய சான்றுகள் போதாது என்று கெல்சி திருப்பி அனுப்பினார். அன்றைய சட்டப்படி நிர்வாகம் 60 நாளுக்குள் ஆட்சேபம் சொல்லாவிட்டால் மருந்து தானாகவே கடைக்குப் போய்விடும், ஆகவே ஒவ்வொரு தடவையும் கெடு முடிவதற்குள் "இன்னும் தகவல் வேண்டும்" என்று கடிதம் போயாக வேண்டும். போய்க்கொண்டே இருந்தது. நிறுவனத்தார் போன் செய்தார்கள், நேரில் வந்தார்கள், மேலதிகாரிகளிடம் புகார் சொன்னார்கள். அவர் அசையவில்லை.

1961 பிப்ரவரியில் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்திருந்த கடிதம் அவர் கண்ணில் பட்டது. இந்த மருந்தை நீண்ட நாள் எடுத்துக்கொண்டவர்களுக்குக் கை கால் நரம்புகள் பாதிக்கப்பட்டு மரத்துப்போகின்றன என்று ஒரு மருத்துவர் எழுதியிருந்தார். பெரியவர்களின் நரம்பையே இப்படிச் செய்கிற மருந்து வயிற்றில் இருக்கும் குழந்தையை என்ன செய்யும்? இந்தக் கேள்விக்கு நிறுவனத்திடம் பதில் இல்லை. நவம்பரில் ஜெர்மனியில் விற்பனையை நிறுத்தினார்கள். அதற்குள் உலகம் முழுக்க 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் வளர்ச்சி குன்றியும் வேறு குறைகளோடும் பிறந்திருந்தன. அமெரிக்காவில் பதிவானது 17. சோதனை என்ற பெயரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவர்களிடம் நிறுவனம் முன்கூட்டியே மாத்திரைகளைக் கொடுத்திருக்காவிட்டால் அந்த 17-ல் பல குழந்தைகள் தப்பித்திருக்கும் என்பதை நினைத்தால் இன்னமும் வயிறு எரிகிறது.

ஆகஸ்ட் 8

நேற்று விட்டுப்போன ஒன்று. கெல்சிக்கு ஏதோ உள்ளுணர்வு சொன்னது என்பதுபோலச் சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1937-ல், சல்பனிலமைடு மருந்தை டைஎத்திலீன் கிளைகாலில் கரைத்து விற்றதில் 100 பேருக்கு மேல் இறந்தார்கள், பலர் குழந்தைகள். அந்தக் கரைப்பான்தான் விஷம் என்று கண்டுபிடித்த சிகாகோ ஆய்வுக்கூடத்தில் கெல்சி அப்போது மாணவி. அப்புறம் உலகப் போர்க் காலத்தில் மலேரியா மருந்து ஆராய்ச்சி. வளர்ந்த முயல் குயினைனைச் சிதைத்துவிடுகிறது, சினை முயலுக்கு அந்தத் திறன் குறைவு, கருவுக்கோ அறவே இல்லை என்று அதில் பார்த்திருந்தார். இவ்வளவையும் தெரிந்து வைத்திருந்தவர் கேட்ட கேள்வி அது. புகழ் வந்தபோது, கோப்பைத் தன்னோடு சேர்ந்து படித்த சக ஊழியர்களுக்கும் அதில் பங்கு உண்டு என்றார். 90 வயது வரை வேலை பார்த்தார்.

ஆகஸ்ட் 12

நண்பர் ஒருவர் இதைப் படித்துவிட்டு, "எரியும் வீட்டுக்குள் பாய்ந்து குழந்தையைத் தூக்கி வருகிறவர்தான் ஹீரோ, நீ சொல்வது நேர்மையான அதிகாரி, அவ்வளவுதான்" என்றார். பாய்கிறவரை நானும் கும்பிடுகிறேன். ஆனால் கெல்சி ஒப்புதல் கொடுத்திருந்தாலும் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க முடியாது, அத்தனை நாடுகள் ஏற்றுக்கொண்ட மருந்து. குற்றம் சொல்ல ஆளே இல்லாத இடத்தில், ஊரே அவசரப்படுத்தும்போது, "பொறு" என்று சொல்வதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும்!

ஸ்தானிஸ்லாவ் பெட்ரோவையும் அதனால்தான் இந்த வரிசையில் வைக்கிறேன். 1983 செப்டம்பர் 26, நள்ளிரவு தாண்டிய நேரம், மாஸ்கோவுக்குத் தெற்கே செர்புகோவ்-15 என்ற சோவியத் ஏவுகணைக் கண்காணிப்பு மையம். அமெரிக்கா ஏவுகணை விட்டுவிட்டது என்கிறது கணினி. முதலில் ஒன்று, பிறகு மேலும் நான்கு. பொறுப்பில் இருந்தவர் பெட்ரோவ், 44 வயது லெப்டினன்ட் கர்னல். போரைத் தொடங்குகிறவன் வெறும் ஐந்தை வைத்துத் தொடங்குவானா என்று யோசித்தார். கருவி புதிது, தரையில் இருந்த ரேடார்களும் எதையும் காட்டவில்லை. பொய் எச்சரிக்கை என்று மேலிடத்துக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். உயரத்து மேகங்களில் பட்டுத் தெறித்த சூரிய ஒளியைச் செயற்கைக்கோள் ஏவுகணை என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் பதிவேட்டை ஒழுங்காக எழுதவில்லை என்று பிறகு அவரைக் கண்டித்தார்கள்.

ஆகஸ்ட் 17

அக்கா ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். அவள் வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது எண்ணுவது. வயிற்றைத் திறப்பதற்கு முன் மாப் (ரத்தத்தை ஒற்றி எடுக்கும் துணி), கௌஸ், ஊசி எல்லாவற்றையும் இன்னொரு நர்ஸோடு சேர்ந்து வாய்விட்டு எண்ணிப் பலகையில் எழுதுவார்கள். மூடுவதற்கு முன் மறுபடி, தோல் தைக்கும்போது இன்னொரு தடவை. ரத்தத்தில் ஊறிய மாப் உள்ளே கிடந்தால் சதையா துணியா என்று கண்ணுக்குத் தெரியாது, அதற்காகவே எக்ஸ்ரேயில் தெரிகிற ஒரு இழையை அதில் வைத்து நெய்திருப்பார்களாம்.

ஒரு நாள் நீண்ட அறுவை சிகிச்சை, எல்லோருக்கும் களைப்பு, ஒரு மாப் குறைகிறது. மருத்துவர் உள்ளே கையை விட்டுத் துழாவிவிட்டு, "இல்லைம்மா, தைக்கலாம்" என்றிருக்கிறார், பெரிய அனுபவசாலி. "எண்ணிக்கை வரலை சார், மூட வேண்டாம்" என்று அக்கா ஊசியைக் கொடுக்காமல் நின்றிருக்கிறாள். குப்பை வாளியைக் கவிழ்த்துக் கொட்டி ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தபோது, அடியில் இன்னொரு மாப்போடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. ஆக, உள்ளே எதுவும் இல்லை, மருத்துவர் சொன்னது சரிதான். "அப்போ வீண் அலைச்சல்தானே?" என்று கேட்டேன். "நாளைக்கும் குறைஞ்சா நாளைக்கும் நிறுத்துவேன்" என்றாள்.

ஆகஸ்ட் 20

வசீலி அர்கிப்போவ் பற்றியும் எழுத நினைத்திருந்தேன். 1962 அக்டோபர் 27, கியூபா நெருக்கடி, அமெரிக்கக் கப்பல்கள் சூழ்ந்துகொண்ட சோவியத் நீர்மூழ்கிக் கப்பலில் அணுகுண்டு வைத்த டார்பிடோவை ஏவ விடாமல் தடுத்தவர். அவர் 1998-ல் இறந்துவிட்டார், உலகத்துக்குத் தெரிய வந்தது 2002-ல். எதிர்கால வாழ்வு விருது என்று ஒன்றை 2017-ல் அவருக்கும் 2018-ல் பெட்ரோவுக்கும் கொடுத்தார்கள், இரண்டையும் வாங்கிக்கொண்டது குடும்பத்தார். பெட்ரோவும் 2017-லேயே போய்விட்டார். கெல்சி தன் விருதைக் கையில் வாங்கினார்.

17-ம் தேதி எழுதியதை இன்று இரவே அக்காவுக்கு அனுப்புகிறேன்.