சந்தனம் பெரிய குழிக்கு, குங்குமம் சின்னக் குழிக்கு

ஆயுத பூஜை முடிஞ்சு நாலு நாள் ஆவுது, எனக்கு இன்னும் சந்தன வாசனை மூக்கை விட்டுப் போகல.

அம்மா பொட்டு வைக்கக் கிளம்பிச்சுன்னா வீட்ல எதுவும் தப்பாதுன்னு உங்களுக்குத் தெரியும். கிரைண்டர், மிக்ஸி, அருவாமணை, கேஸ் சிலிண்டர், வண்டி, தண்ணி மோட்டார், வைஃபை பெட்டி, போன வருஷம் பக்கத்துல படுத்துத் தூங்கிட்டிருந்த தம்பி நெத்தி. இந்த வருஷம் என் ஹார்ட் டிஸ்க்கு. அதுல ஒயர் சொருகற இடத்தைப் பாத்திருப்பீங்க, பெருசு ஒண்ணு சின்னது ஒண்ணுன்னு ரெண்டு குழி ஒட்டிப் பொறந்தாப்ல இருக்கும், எந்தப் புண்ணியவான் அப்படி ஒரு வடிவத்தைக் கண்டுபிடிச்சானோ தெரியல, அம்மா கண்ணுக்கு அது குங்குமச் சிமிழாத் தெரிஞ்சிருக்கு. பெரிய குழியில சந்தனம், சின்னக் குழியில குங்குமம், சுத்தமா வழிச்சு விட்டிருக்குது.

நான் பாக்கல. விஜயதசமி அன்னிக்கு ராத்திரி கரண்ட் மங்கலா இருந்துச்சு, ஊசுட்டேரியில காலைல எடுத்த மீன்கொத்தியை ஏத்தலாம்னு ஒயரை வெச்சு அழுத்தினேன். நறுக்குன்னு அப்பளம் ஒடியற சத்தம். லேப்டாப்புல ஒண்ணும் வரல. டார்ச் அடிச்சுப் பாத்தா உள்ள ஒரே மங்களகரம்.

"ஏம்மா, ஏன்?"

"பொட்டு வைக்கத் தோதா இருந்துச்சுடா."

இதுக்கு மேல என்ன பேசறது.

அதுல 6 வருஷப் போட்டோ. ஊசுட்டேரி, பெருமாள் ஏரி, பிச்சாவரம், மாசி மகத்துக்கு தேவனாம்பட்டினம், அக்கா பொண்ணு காதுகுத்து எல்லாம் அதுல. ஒரே மீன்கொத்தி 400 தடவை இருக்கும்னு வையுங்க, அதை அழிக்க மனசு வராது, ஒவ்வொண்ணுலயும் தலை ஒரு நூல் திரும்பியிருக்கும். கேமரா சுருக்காம அப்படியே எழுதற ரா ஃபைலு ஒண்ணு 28 எம்பி, இடம் எப்படிப் பத்தும்? இன்னொரு காப்பி எடுத்து வெச்சியான்னு கேக்காதீங்க. கேட்டவங்க லிஸ்ட்ல ஏற்கனவே மூணு பேர் இருக்காங்க, மூணு பேர் கூடவும் பேசறதில்ல.

மறுநாள் பாண்டி கிளம்பினேன். கடலூர்ல கடை இல்லையான்னா இருக்குது, ஆனா பாண்டி போறதுக்கு நமக்கு ஒரு சாக்கு கிடைச்சா விடுவோமா. செருப்பு மாட்டும்போது நைனா வேட்டிய இறுக்கிக் கட்டிக்கிட்டு வந்து நிக்கறாரு, "நானும் வரேன்". 30 வருஷம் கடைக்கடையா தராசு, படி சரியா இருக்கான்னு பாக்கற முத்திரை ஆய்வாளரா இருந்த மனுஷன், எந்தக் கடைக்குக் கூட்டிட்டுப் போனாலும் பொருளைப் பாக்க மாட்டாரு, தராசைத்தான் பாப்பாரு. அவரு கூட வந்தா லாரன்ஸ் ரோட்டுல எனக்குப் பூண்டுகூட நிம்மதியா வாங்க முடியாது.

நேரு வீதி கடையில இருந்த தம்பிக்கு 25 வயசு இருக்கும். டிஸ்கை வாங்கி வெளிச்சத்துல பாத்துட்டு, "என்ன சார் துரு பிடிச்சிருக்கு, கடல் காத்தா?"ன்னான். அப்புறம் மோந்து பாத்தான். என்னை ஒரு தடவை பாத்தான். ஒண்ணும் கேக்கல, நல்ல பையன். பழைய டூத் பிரஷ்ஷை ஐசோபுரோபைல் ஆல்கஹால்ல நனைச்சு பத்து நிமிஷம் பொறுமையா சுரண்டினான், பல் டாக்டர் கெட்டான். ஒயரை மாத்திச் சொருகினதும் கிர்ருன்னு உள்ள தட்டு சுத்தற சத்தம் கேட்டுச்சு பாருங்க, எனக்கு அங்கயே உக்காரணும் போல ஆயிடுச்சு.

நான் மீன்கொத்தியைத் தேடறதுக்குள்ள நைனா, "அந்தப் போட்டோ இருக்கா பாரு"ன்னாரு.

எந்தப் போட்டோன்னு நான் கேக்கல. 2011 டிசம்பர் 30 விடிகாலை தானே புயல்ல எங்க வீட்டு ஓடு பறந்தப்போ அவங்க கல்யாண ஆல்பம் முழுசா ஊறிப்போச்சு. நனைஞ்ச போட்டோ காயக் காய பிளாஸ்டிக்குல ஒட்டிக்கும். அம்மா ஒவ்வொண்ணா உரிக்க உரிக்க படம் பிளாஸ்டிக்கோட போச்சு, பேப்பர் கையோட வந்துச்சு. முகம் தெரியறாப்ல மிஞ்சினது ஒண்ணே ஒண்ணு. அதுல அம்மா முழுசா இருக்குது, நைனா மூக்குக்குக் கீழதான் இருக்காரு. அதை ஸ்கேன் பண்ணி வெச்சிருந்தேன், ஃபைல் பேரு 'பாதி நைனா'. கடைப்பையன் முன்னாடி அதைத் திறந்து காட்டினேன், கண்ணாடியைப் போட்டுக்கிட்டு குனிஞ்சு பாத்தாரு. "ம், மீசை நல்லாத்தான் இருக்கு"ன்னுட்டு நகந்துட்டாரு.

சரி, புதுசு வாங்கிடலாம்னு உக்காந்தோம். தம்பி நல்லா விளக்கினான். ஹார்ட் டிஸ்க்குன்னா உள்ள நிஜமாவே தட்டு சுத்துது, இந்தச் சின்ன சைஸு நிமிஷத்துக்கு 5400 சுத்து, எழுதற முள்ளு தட்டுமேல படாம மயிரிழையில ஆயிரத்துல ஒரு பங்கு உசரத்துக்கும் கம்மியா மிதக்குது, ஓடும்போது கீழ விழுந்தா அதோட கதை முடிஞ்சுது. எஸ்எஸ்டின்னு இன்னொரு வகை, முழுக்க சிப்புதான், அதுல சுத்தறது எதுவும் இல்ல, விழுந்தாலும் பெரும்பாலும் பொழைக்கும், வேகமும் அதிகம், டிஸ்க்கு செகண்டுக்கு 120 எம்பி அடிச்சா இது ஆயிரத்தைத் தொடும். அதனால லைட்ரூம் சாஃப்ட்வேர்ல உக்காந்து எடிட் பண்றதை எஸ்எஸ்டியில வையுங்க, முடிச்சதை டிஸ்க்ல போட்டுடுங்க, எஸ்எஸ்டியை வருஷக்கணக்கா கரண்டே காட்டாம பீரோவுல பூட்டிடாதீங்க, அது மெல்ல மறக்க ஆரம்பிச்சிரும்னான். எங்க பெரியப்பா மாதிரி. இன்னொண்ணும் சொன்னான், வாரண்டி டிஸ்க்குக்குத்தான், உள்ள இருக்கறதுக்கு இல்ல. செத்தா புது டிஸ்க்கு கொடுப்பாங்க, போட்டோவுக்கு நாம காரியம் பண்ணிக்க வேண்டியதுதான்.

ஒரு டிபி எஸ்எஸ்டியைப் பிரிச்சு, வேலை செய்யுதுன்னு காட்ட லேப்டாப்புல மாட்டினான். அங்கதான் சனி புடிச்சுது. ஸ்கிரீன்ல 931 ஜிபின்னு வந்துச்சு.

"தம்பி, டப்பாவுல எவ்வளவு போட்டிருக்கு?"

"ஒரு டிபி ஐயா. ஆயிரம் ஜிபி."

"உள்ள?"

எனக்கு முதுகுல வேர்க்க ஆரம்பிச்சுது. ரிட்டயர் ஆகி 9 வருஷம் ஆச்சு, ஆனா அந்த "உள்ள?" இருக்குதே, அதுல ஒரு சின்ன சறுக்கலும் இல்ல. "ஆயிரத்துக்கு 69 குறையுது. இதே உழவர் சந்தையில தக்காளிக்காரன் குறைச்சா என்ன பண்ணுவேன் தெரியுமா?" கடையில இருந்த மத்தவங்கல்லாம் அவங்கவங்க டப்பாவைத் திருப்பிப் பாக்க ஆரம்பிச்சுட்டாங்க.

நல்லவேளையா தம்பி மிரளல. ஒரு டிபின்னா ஒரு லட்சம் கோடி பைட்டு, அது குறையாம உள்ள இருக்கு, இந்த லேப்டாப்பு அதை ஆயிரத்தால வகுக்காம 1024-ஆல மூணு தடவை வகுத்துட்டு அதுக்கும் ஜிபின்னே பேரு போடுது, மேக்ல மாட்டினா ஆயிரம்னே காட்டும்னான். நைனா பில்லு பேப்பரைத் திருப்பிப்போட்டு கையால வகுக்க ஆரம்பிச்சாரு. கால்குலேட்டர் கொடுத்தா வாங்கல. முதல் தடவை 97 கோடியே 65 லட்சத்து 62 ஆயிரத்து 500 வந்துச்சு. அப்புறம் ரெண்டு தடவை. எங்களுக்கு டீ வந்து, குடிச்சு, டம்ளரும் போயிடுச்சு. கடைசியில 931-ஐ வட்டம் போட்டாரு.

"சரக்கு சரியா இருக்கு. பெரிய படியால அளந்துட்டு சின்னப் படி பேரைச் சொல்றான். தராசுல தப்பு."

முத்திரை வாங்கின மாதிரி இருந்துச்சு. அடுத்து 2 டிபி டிஸ்கை எடுத்தான், பிரிக்கறதுக்கு முன்னாடியே "1.81 காட்டும் ஐயா"ன்னு முந்திக்கிட்டான். கிளம்பும்போது எஸ்எஸ்டிக்கு டப்பாவுல வர்ற குட்டிக் கேபிளையே போடுங்க, போன் சார்ஜர் கேபிள் சொருகிடும் ஆனா நிறைய கேபிள் பழைய யூஎஸ்பி 2 வேகம்தான்னு அவன் படிச்சுப் படிச்சு சொன்னான். வீட்டுக்கு வந்து போன் கேபிளைத்தான் போட்டேன். 40 எம்பி. அந்தப் பையனை ஒரு மணி நேரம் திட்டிட்டு அப்புறம் டப்பாவைத் தேடினேன்.

பஸ்ல வரும்போது நைனா சமாதானமா இருந்தாரு. உலகத்துல முதல் ஹார்ட் டிஸ்க்கு 1956-ல ஐபிஎம் காரங்க விட்டது, ரெண்டடி அகலத்துல 50 தட்டு, ஒரு டன்னுக்கு மேல எடை, கொள்ளளவு 5 எம்பிகூட இல்ல, என் மீன்கொத்தி ஒண்ணை வைக்க அப்படி ஏழெட்டு பெட்டி வேணும்னேன். அவரு அந்த எடையையும் விட்டுட்டாரு மீன்கொத்தியையும் விட்டுட்டாரு, "எடையளவுச் சட்டமும் 1956 தான்"னாரு. ரொம்ப சந்தோஷம்.

ஆல்பேட்டை செக்போஸ்ட்ல பஸ்ல ஏறின போலீஸ்காரர் நேரா என் பையைத்தான் தொட்டாரு. என் மூஞ்சி ராசி அப்படி.

"என்ன இருக்கு?"

"ஹார்ட் டிஸ்க் சார். ஒரு டிபி, ரெண்டு டிபி."

"டிபியா?"ன்னு கையை எடுத்துட்டாரு. நைனா, "931 தான் சார் இருக்கும்"னாரு. அவரு எங்க ரெண்டு பேரையும் பாத்துட்டு இறங்கிப் போயிட்டாரு.

வீட்ல வந்து எல்லாத்தையும் மூணு காப்பி ஆக்கியாச்சு. எஸ்எஸ்டி என் மேஜைல, பழைய டிஸ்க்கு பீரோவுல, புது டிஸ்க்கு நெய்வேலில அக்கா வீட்டுக்கு, ஏன்னா புயல் வந்தா கடலூர்ல எந்த பீரோவும் பீரோ இல்ல. நைனா மூணுத்து முதுகுலயும் மார்க்கரால 'டி'ன்னு எழுதினாரு. அவங்க டிபார்ட்மென்ட்ல தராசுக்கு முத்திரை குத்தும்போது வருஷத்தோட காலாண்டு எழுத்தும் விழும், ஏ, பி, சி, டி, அக்டோபர்னா டி. எழுதிட்டு ஒவ்வொண்ணுலயும் 'பாதி நைனா' திறக்குதான்னு பாத்தாரு. மூணு தடவையும் பாத்தாரு. மீன்கொத்தி திறக்குதான்னு யாரும் பாக்கல.

அதோட விட்டிருக்கலாம். நேத்து சாயங்காலம் வாசல்ல நின்னுக்கிட்டு அக்காவுக்கு போன்ல சத்தமா சொல்றாரு, "குவாட்டருக்கு ஒரு தடவை எடுத்துப் பாத்துடணும்மா, சும்மா பீரோவுலயே வெச்சிருந்தா கெட்டுடும். ஆமா, ரெண்டு வீட்லயும் எப்பவும் ஒண்ணு இருக்கணும். மாப்பிள்ளைகிட்டயும் சொல்லிடு."

எதிர் வீட்டு அத்தை பெருக்கறதை நிறுத்திட்டு கேட்டுக்கிட்டே நின்னுச்சு. அம்மாவுக்குப் பதறிப்போச்சு, தெருவுக்கே ஓடிப்போய் விளக்கம் சொல்லிச்சு: "நீங்க நினைக்கறாப்ல இல்ல அண்ணி, அன்னிக்கு பாண்டியிலேருந்து பையன் வாங்கியாந்தான்ல, அதைத்தான் சொல்றாரு."