இடையன்குடிக் கோவில்: சன்னல்கள் ஒருவழியாக நிமிர்ந்தன

திருநெல்வேலி மாவட்டத்து இடையன்குடியில் உள்ள பரிசுத்த திரித்துவக் கோவில் என்ற கிறிஸ்தவ ஆலயத்தின் மாதிரி, நூறில் ஒரு பங்கு அளவில். ஒரு பக்கச் சுவரின் சன்னல்கள் அத்தனையும் பிசிறில்லாமல் நிற்கின்றன. கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுவரும் கூரையும் வழக்கமான சன்போர்டு (நுரை பிளாஸ்டிக் பலகை) வேலைதான். உயிரை வாங்கியது அட்டையில் வெட்டும் சன்னல்களின் கூர்முனை வளைவு. வரைவதில் வில்லங்கமில்லை. வளைவு தொடங்கும் இரண்டு புள்ளிகளிலும் காம்பசை ஊன்றி, சன்னலின் அகலத்தையே ஆரமாக வைத்து இரண்டு விற்கள் போட்டால் சமபக்க வளைவு கிடைத்துவிடும். ஆரத்தைக் கூட்டக் கூட்ட வளைவு ஒடுங்கிக் கூராகும். வெட்டும்போதுதான் தொல்லை. கட்டைவிரல் நகம் அகலமே உள்ள சன்னலில் கத்தியை அடியிலிருந்து மேலே இழுத்தால், இரு விற்களும் கூடும் உச்சியில் அட்டை நார் பிய்ந்து பூனைமீசை போலத் துருத்திக்கொள்ளும். உப்புத்தாள் போட்டால் முனை மழுங்கிவிடும். முனை போனால் அது கோதிக்கே (கூர்முனை வளைவுகளுக்குப் பேர்போன ஐரோப்பியக் கட்டடப் பாணி) இல்லை.

இப்போது முதலில் உச்சியில் ஊசியால் ஒரு துளை. அட்டையின் பின்புறம் தண்ணீர் போல ஓடும் வகைச் சூப்பர் குளூ. ஊறிக் காய்ந்ததும் அட்டை விறைத்துவிடும். பிறகு துளையிலிருந்து கீழ்நோக்கி வெட்டு. கத்தி பிடித்த கை அசையவே கூடாது, அட்டையைத்தான் திருப்ப வேண்டும்.

கைவினைக் கடைக் கத்திகளை நம்பாதீர்கள். பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் அறுவைச் சிகிச்சைக் கருவிகள் விற்கும் கடையில் 11-ஆம் எண் பிளேடும் 3-ஆம் எண் பிடியும் கேளுங்கள். எதற்கு என்பார்கள். கோவில் கட்ட என்று சொல்லிப் பாருங்கள், முகத்தைப் பார்க்க வேண்டும்! இணையத்தில் வரவழைத்த பால்சா (லேசான மரம்) பலகையோ வளைந்தே வந்து சேர்ந்தது. திருப்பி எடுக்க மாட்டார்களாம்.

இந்தக் கோவிலைக் கட்டிய மிஷனரி கால்டுவெல் ஐயரும் இந்தச் சன்னல்களோடு மல்லுக்கட்டியவர்தான். செதுக்கு வேலைக்கான அச்சுகளைக் களிமண்ணில் செய்து பார்த்தவர். 1847-இல் தொடங்கிய கட்டடம் 1880-இல்தான் பிரதிஷ்டை ஆனது. நடுவில் 1856-இல் அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்து, 1877-இல் அவர் பேராயராகவும் ஆகிவிட்டார். கோவில் மட்டும் முடிந்தபாடில்லை. ஆகவே என் வீட்டில் யாரும் "எப்போது முடியும்?" என்று கேட்கக் கூடாது.

மணிக்கோபுரத்தில் இன்னும் கை வைக்கவில்லை. அதற்குள் மனம் மெஞ்ஞானபுரத்துக்கு ஓடுகிறது. பரிசுத்த பவுல் ஆலயக் கோபுரம் 192 அடி. இதே அளவில் செய்தால் 58 சென்டிமீட்டரைத் தாண்டும். என் அலமாரித் தட்டின் உயரமோ 45. தச்சரிடம் பேசியாகிவிட்டது.